பரவாயில்லை என்பதற்கு எத்தனை மார்க்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் அம்மாவின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்து அறையில் இருந்த எனக்கும் முழுசாகக் கேட்டது.

"வணக்கம்மா. உங்க ஏரியா ரோடு, பிளாட்பாரம் பராமரிப்பு பத்தி பொதுமக்கள்கிட்ட கருத்து கேக்கறோம். அஞ்சே கேள்வி. ரெண்டு நிமிஷம்தாம்மா."

"கேளும்மா."

"உங்க தெரு நடைபாதை பராமரிப்பு உங்களுக்குத் திருப்தியா இருக்காம்மா? ஒண்ணுன்னா சுத்தமா திருப்தி இல்ல. அஞ்சுன்னா ரொம்பத் திருப்தி."

"பரவாயில்லம்மா."

"அப்ப நாலு போட்டுக்கவாம்மா?"

"போட்டுக்கோ. உனக்கு எது சௌகரியமோ அதைப் போட்டுக்கோ."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த நாலுதான். ஏனென்றால், பதினான்கு மாதங்களுக்கு முன் இதே நடைபாதையில்தான் அம்மா விழுந்தார். கேபிள் புதைக்கத் தோண்டிய பள்ளத்தில் மண்ணைத் தள்ளி, மேலே பழைய பேவர் பிளாக் கற்களையே அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மழையில் மண் உள்ளே இறங்கிவிட்டது. மேலே பார்த்தால் கல் கல்லாகத்தான் இருந்தது. கால் வைத்ததும் சாய்ந்தது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன்பிறகு அம்மா தெருவில் நடப்பதில்லை. கோயிலுக்கு ஆட்டோ. காய்கறி செயலியில் வருகிறது. தெருமுனையில் இருக்கும் அவருடைய சிநேகிதி வீட்டுக்குப் போவதென்றால்கூட நான் வரும்வரை காத்திருப்பார். அவருக்கு வயது 67.

அழைப்பு முடிந்ததும் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பாவம்டா, சின்னப் பொண்ணு. காலைலேர்ந்து எத்தனை பேர்கிட்ட இதையே கேட்டுட்டு இருக்கோ. அதுகிட்ட போய் சண்டை போடச் சொல்றியா? அதுவுமில்லாம நான் எங்கடா வெளிய நடக்கறேன்? நடந்தாத்தானே நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்?"

இந்தப் பதிலில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, கேட்பவர் மனம் கோணக்கூடாது என்ற மரியாதை. இரண்டு, பாதிக்கப்பட்டு விலகிவிட்டவருக்குத் தான் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை என்று தோன்றுவது. கருத்துக் கணிப்பு நடத்துகிறவர்கள் அஞ்ச வேண்டிய இரண்டு பெரிய பிழைகளையும் அம்மா இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் கணினியில் ஏறியது நாலு. 'திருப்தி'.

அழைப்பு யார் சார்பில் வந்தது, இது எந்த ஊர் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும். என் சண்டை அந்தப் பெண்ணோடு இல்லை, அந்த அலுவலகத்தோடும் இல்லை. 'திருப்தி' என்ற அந்த அளவுகோலோடுதான். தெருவையும் நடைபாதையையும் அளக்க அது உதவாது. உதவாததோடு நிற்காமல் கெடுதலும் செய்கிறது. இதுதான் என் கட்சி.

*

முதலில் 'பரவாயில்லை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு எப்படி இருந்தது? பரவாயில்லை. காய்ச்சல் எப்படி இருக்கிறது? பரவாயில்லை. பேருந்தில் ஒருவர் உங்கள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். பரவாயில்லை. நன்றாக இருக்கிறது என்பதில் ஆரம்பித்து, வலிக்கிறது ஆனால் உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்பது வரை எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். இதை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எங்கே வைப்பீர்கள்? அந்தப் பெண் நாலில் வைத்தார். இன்னொருவர் மூன்றில் வைப்பார். இப்படி வைத்த ஆயிரம் எண்களைக் கூட்டி வகுத்து, தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை ஒரு சராசரி வரும். அந்தத் தசமப் புள்ளியைப் பார்த்ததும் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. பொறியியல் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

இது தமிழர்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. அமர்த்திய சென் 2002ல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் மிக அதிகமாக இருப்பது கேரளத்தில். ஆனால் "உங்களுக்கு நோய் இருக்கிறதா?" என்று கேட்டால் மிக அதிகமாக ஆம் என்று சொல்வதும் கேரளம்தான். ஆயுட்காலம் குறைவான பிகாரில் நோய் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் குறைவு. அமெரிக்காவில் கேட்டால் கேரளத்தைவிடவும் அதிகம் பேர் நோய் இருக்கிறது என்கிறார்கள். பதில்களை மட்டும் நம்பினால் பிகார் ஆரோக்கியமான இடம், அமெரிக்கா நோயாளிகளின் தேசம் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கும். உண்மை என்னவென்றால், படிப்பும் மருத்துவ வசதியும் இருக்கும் இடத்தில்தான் ஒருவருக்குத் தன் நோய் நோயாகத் தெரிகிறது. மற்ற இடத்தில் அது வாழ்க்கையாகிவிடுகிறது.

'நோய்' என்ற இடத்தில் 'நடைபாதை' என்று போட்டுப் பாருங்கள். வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடர்ச்சியாக இருநூறு மீட்டர் நடைபாதையில் நடந்திராத ஒருவரிடம், "நடைபாதைப் பராமரிப்பு திருப்தியா?" என்று கேட்கிறோம். அவர் எதோடு ஒப்பிடுவார்? போன வருடத்தோடு. போன வருடம் சாக்கடை மூடி இல்லை, இந்த வருடம் இருக்கிறது. திருப்தி. அண்ணாநகர்வாசி ஒருவர் சிங்கப்பூர் போய்விட்டு வந்திருக்கிறார். அவர் தெரு வடசென்னைத் தெருவைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். அவர் போடுவது இரண்டு. ஆக, இந்த எண் தெருவை அளக்கவில்லை. தெருவில் இருப்பவர் எவ்வளவு எதிர்பார்க்கக் கற்றிருக்கிறார் என்பதை அளக்கிறது. இதை வைத்து நிதி ஒதுக்கினால், எதிர்பார்க்கத் தெரிந்தவன் தெருவுக்கே மறுபடியும் கல் பதிக்கப்படும். பழகிப் போனவன் தெரு அப்படியே கிடக்கும்.

இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பிரையன் ஸ்டிப்பாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979லேயே, நகரச் சேவைகளின் தரத்தை மக்கள் திருப்தியை வைத்து மதிப்பிடுவது தவறான பயன்பாடு ஆகலாம் என்று எச்சரித்து எழுதினார். நான் பிறப்பதற்கும் முன்னால் சொன்ன எச்சரிக்கை. நாம் இப்போதுதான் செயலி போட்டு அந்தத் தவறைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்திருக்கிறோம்.

*

பெரிய அளவு என்றால் எவ்வளவு? 2018ல் நடந்த ஸ்வச் சர்வேக்ஷண் தூய்மைப் போட்டியில் மொத்தம் 4000 மதிப்பெண். அதில் 1400, அதாவது 35 சதவீதம், மக்கள் கருத்துக்கு. நேரில் போய்ப் பார்ப்பதற்கு 1200தான். கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதற்கு மார்க் அதிகம். மக்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, உங்கள் நகரம் இந்தப் போட்டியில் கலந்துகொள்வது உங்களுக்குத் தெரியுமா என்பது. நகரம் சுத்தமாக இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விளம்பரப் பலகை வைத்த நகரத்துக்கு மார்க். பெருக்கிய நகரத்துக்கும் மார்க். பலகை வைப்பது சுலபம்.

2021 மார்ச்சில் வெளியான 'வாழ்வதற்கு எளிமை' குறியீட்டில் 111 நகரங்கள். அதில் மக்கள் கருத்துக்கு 30 சதவீத எடை. 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். எண்ணிக்கை பிரமிக்க வைக்கிறது. ஆனால் எந்த நகரம் மதிப்பிடப்படுகிறதோ, அதே நகரத்தின் நிர்வாகம்தான் "வாருங்கள், கருத்துச் சொல்லுங்கள், நம் ஊரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள்" என்று பிரசாரம் செய்கிறது. பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாள் திருத்துகிறவருக்கு டீ வாங்கிக் கொடுப்பது மாதிரி. இதில் ஊழல் என்று எதுவும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் நேர்மையாக இருந்தாலும் அமைப்பு இப்படித்தான் வேலை செய்யும். ஓர் அளவு இலக்காக மாறிய கணத்தில் அது அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்பதைச் சார்லஸ் குட்ஹார்ட் 1975ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னார். நடைபாதைக்கும் அதே விதிதான்.

இதற்கு நேர் மாறான ஓர் உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014ல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும். 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை. இந்தக் கொள்கை எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதற்கு யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே வந்து இடதுபக்கமும் வலதுபக்கமும் பார்த்தால் போதும். 60, 80, 2018 என்று எண்களாகச் சொன்னதால்தான் அதைப் பிடித்துக் கேள்வி கேட்க முடிகிறது. 'மக்களின் திருப்தியை உயர்த்துவோம்' என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்போம்? இன்னொரு கணிப்பு நடத்தி, உயர்ந்துவிட்டது என்று அறிவித்திருப்பார்கள்.

*

இதுவரை அடுத்தவர்களைத் திட்டினேன். இப்போது என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், செயலிக்கு நட்சத்திர மதிப்பெண் வாங்கும் திரையை எழுதியது நான்தான். அதன் தர்க்கம் ரொம்ப எளிது. பயனரிடம் முதலில் "செயலி பிடித்திருக்கிறதா?" என்று கேள். ஆம் என்றால் பிளே ஸ்டோருக்கு அனுப்பு, அங்கே போய் ஐந்து நட்சத்திரம் போடட்டும். இல்லை என்றால் உள்ளேயே ஒரு படிவத்தைக் காட்டு, அங்கேயே திட்டிவிட்டுப் போகட்டும். அதுவும், பணம் சரியாகச் செலுத்தப்பட்ட அடுத்த நொடியில்தான் கேட்க வேண்டும். தோல்வியடைந்தவனிடம் கேட்கவே கூடாது. இரண்டு மாதத்தில் எங்கள் சராசரி நன்றாக ஏறியது. செயலியில் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. எனக்கு அந்த வருடம் நல்ல அப்ரைசல்.

அதனால்தான், எங்கள் தெருவில் உடைந்து கிடந்த வடிகால் மூடியைப் பற்றி ஒரு செயலியில் புகார் போட்டபோது அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. போய்ப் பார்த்தேன். மூடி அப்படியே வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மரக்கிளையை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். புகாரை மறுபடி திறக்கப் பொத்தான் இல்லை. ஆனால் 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று ஐந்து நட்சத்திரங்கள் இருந்தன.

எங்கள் துறையில் இதற்கு டிக்கெட்டை மூடுவது என்று பெயர். டிக்கெட்டை மூடுவதற்கும் பிரச்சினையைத் தீர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லா டீம் லீடுக்கும் தெரியும், எந்த டேஷ்போர்டுக்கும் தெரியாது. சராசரியாக எத்தனை நாளில் புகார் தீர்க்கப்படுகிறது என்று மேலதிகாரி தினமும் பார்த்தால், கீழே இருக்கிறவர் கற்றுக்கொள்வது மூடியைப் போடுவதை அல்ல, புகாரை மூடுவதை. அந்தக் கடைநிலை ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் சிமெண்ட் மூடி இல்லை. சிவப்புத் துணிதான் இருந்தது. இருந்ததைக் கட்டினார்.

*

"சரி தம்பி, அப்ப மக்கள் கருத்தையே கேக்க வேணாங்கறீங்களா? எஞ்சினியரும் அதிகாரியும் மட்டும் முடிவு பண்ணணுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளாட்சியில் நீண்டகாலம் வேலை செய்தவர், மக்களிடம் கேட்பது என்பதே நம் ஊரில் எவ்வளவு தாமதமாக வந்தது என்று தெரிந்தவர்.

கேட்க வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெங்களூரில் 1994ல் சாமுவேல் பாலும் அவருடன் சேர்ந்தவர்களும் நகரச் சேவைகளுக்கு மக்கள் மதிப்பெண் அட்டை ஒன்றைத் தயாரித்தார்கள். திருப்தியா என்று அவர்களும் கேட்டார்கள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. வேலை முடிந்ததா, எத்தனை தடவை அலைந்தீர்கள், லஞ்சம் கொடுத்தீர்களா என்று நடந்ததைக் கேட்டார்கள். பதில்களை எந்தத் துறை எப்படி என்று பிரித்துப் பத்திரிகையில் போட்டார்கள். கேட்டது அரசாங்கம் இல்லை, வெளியில் இருந்தவர்கள். இந்த மூன்று விஷயங்களில்தான் அதன் பலம் இருந்தது: நடந்ததைக் கேட்டது, மதிப்பிடப்படாதவர்கள் கேட்டது, பகிரங்கமாகச் சொன்னது. நாம் அதிலிருந்து 'திருப்தி' என்ற ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு மயக்கம் உண்டு. மனிதர்களிடம் கேட்டால்தானே பிரச்சினை, இயந்திரத்தை விட்டு அளந்துவிடலாம் என்பது. என் நண்பர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012 வாக்கில் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. காரில் போகும்போது போனில் இருக்கும் அதிர்வு உணரி, குலுங்கும் இடத்தைத் தானாகவே பதிந்து அனுப்பும். யாரையும் கேட்க வேண்டாம், யாரும் பொய் சொல்ல முடியாது. ஆனால் யாரிடம் ஸ்மார்ட்போனும் காரும் இருக்கிறதோ அவர்கள் போகிற சாலையின் பள்ளம்தான் அதில் தெரியும். முதியவர்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளின் பள்ளங்கள் கணக்கிலேயே வராமல் போகும் அபாயத்தை அடுத்த வருடமே கேட் க்ராஃபோர்ட் என்ற ஆய்வாளர் எடுத்து எழுதினார். அந்தச் செயலியைச் செய்தவர்களும் அதை உணர்ந்தே இருந்தார்கள். நடைபாதைக்கு இது இன்னும் பொருந்தும். விழுந்துவிட்டு வீட்டுக்குள் இருக்கும் அம்மாவின் போன் எந்த அதிர்வையும் அனுப்பாது.

நியூயார்க் நகரம் பழைய முறை ஒன்றை வைத்திருக்கிறது. 1970களில் ஆரம்பித்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் தெருத்தெருவாகப் போய், மாதிரிப் புகைப்படங்களோடு ஒப்பிட்டு, சாலைக்குத் தனியாக நடைபாதைக்குத் தனியாகத் தூய்மை மதிப்பெண் போடுவார்கள். இந்தப் படத்தில் இருப்பது போல இருந்தால் இந்த எண், அவ்வளவுதான். யார் போய்ப் போட்டாலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். 1998ல் அதே நகரத்தில் வெளியிலிருந்து ஓர் அமைப்பு, எத்தனை பள்ளம் அடைக்கப்பட்டது என்ற அரசுக் கணக்கை விட்டுவிட்டு, வண்டியில் போகிறவருக்கு எத்தனை குலுக்கல் என்று கருவியை வைத்து அளந்து பகுதிவாரியாக வெளியிட்டது. இரண்டிலும் என்னைக் கவர்ந்தது ஒன்றுதான். அளப்பது தெருவை. ஆனால் எதை அளப்பது என்பதைத் தெருவில் போகிறவனின் உடம்பு தீர்மானிக்கிறது.

*

இன்னொரு விஷயம், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. திருப்தியைப் பற்றி யாரிடம் கேட்போம்? வாடிக்கையாளரிடம். ஓட்டலில் கேட்கலாம், துணிக்கடையில் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் அவர் வேறு கடைக்குப் போவார். அம்மா எந்த நடைபாதைக்குப் போவார்?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. அந்த வழக்கை நெடுங்காலமாக நடத்தி வருகிறவர் கோவையைச் சேர்ந்த எலும்பு, தண்டுவட அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். உடைந்து வந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து வழக்குக்குப் போனவர் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,000க்கும் மேல். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

உரிமைக்கு நட்சத்திர மதிப்பெண் கிடையாது. உங்கள் ஓட்டுரிமை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பட்டியலில் பெயர் இருந்ததா, ஓட்டுப் போட முடிந்ததா என்றுதான் கேட்க வேண்டும். நடைபாதையிலும் அப்படியே. நடக்க முடிந்ததா, முடியவில்லையா? உரிமையுள்ள ஒருவரிடம் போய்த் திருப்தியா என்று கேட்பது, அவரை மெதுவாக வாடிக்கையாளராக மாற்றுவது. வாடிக்கையாளர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் கடைக்காரருக்கு வேலை முடிந்தது.

*

அந்த அழைப்பு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தச்சரின் இரும்பு டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து காய்கறிக் கடை வரை நடந்தேன். 600 மீட்டர் இருக்கும். நடைபாதையிலேயே போவது என்று முடிவு செய்து, எங்கெல்லாம் சாலையில் இறங்க வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் காரணத்தை எழுதிக்கொண்டேன். மொத்தம் 17 முறை இறங்கினேன். எட்டு இடத்தில் வீட்டு வாசலிலிருந்து காரை இறக்கக் கட்டிய சாய்தளம். மூன்று இடத்தில் நிறுத்தியிருந்த வண்டி. இரண்டு டிரான்ஸ்பார்மர், ஒரு மின்சார பில்லர் பாக்ஸ். இரண்டு உடைந்த வடிகால் மூடி. ஒரு கொடிக்கம்ப மேடை. கடை போட்டிருந்தவர்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் நடக்க இடம் விட்டிருந்தார்கள். நடைபாதை ஆக்கிரமிப்பு என்றதும் நாம் முதலில் கைகாட்டுவது அவர்களைத்தான்.

உயரத்தையும் அளந்தேன். நடைபாதை சாலையைவிட 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி. ஒரு சாண்கூட இல்லை. எங்கள் தெருவில் ஓர் இடத்தில் 280 மில்லிமீட்டர் இருந்தது. நம் ஊரில் நடைபாதை என்பது பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் எவ்வளவு உயரமோ நடைபாதையும் அவ்வளவு உயரம். பைக் ஏறக்கூடாது என்று வேண்டுமென்றே உயர்த்துவதும் உண்டு. பைக் எப்படியும் ஏறிவிடுகிறது. 67 வயது முழங்கால்தான் ஏறுவதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டேன். "அம்மா, கடைக்கு நடந்து போனப்ப எங்கெங்க கீழ இறங்குவ?"

கீரை ஆய்ந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். "நம்ம வாசல்லயே இறங்கணும். அப்புறம் பச்சை கேட் வீடு. டிரான்ஸ்பார்மர்கிட்ட நாய் படுத்திருக்கும், அங்க ரோட்டோட நடுவுக்கே போயிடணும். டெய்லர் கடைக்கு எதிர்ல படி உயரம், யாராவது கையைப் பிடிச்சாத்தான் ஏற முடியும். அங்க ஒரு ரெண்டு செங்கல்லு வெச்சாலே போதும்டா." பதினான்கு மாதமாக நடக்காத தெரு. நான் எழுதி வைத்த 17 இடங்களில் 14ஐ வரிசை மாறாமல் சொன்னார். நான் கவனிக்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: தெருவிளக்கு எரியாத இடம்.

திருப்தியா என்று கேட்டபோது நாலு போட்டுக்கொள்ளச் சொன்ன அதே ஆள். தகவல் அவரிடம் இருந்தது. கேள்விதான் தப்பு.

அவர் முதலில் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். நம்ம வாசல்லயே இறங்கணும். அந்த எட்டுச் சாய்தளங்களில் முதலாவது எங்கள் வீட்டுடையது. வீட்டு உரிமையாளர் கட்டியது, ஆனால் அதில் தினமும் ஏறி இறங்குவது என் கார். என் தெரு எனக்குத் திருப்தியா என்று என்னைக் கேட்டிருந்தால் நான் கோபமாக ஒன்று போட்டிருப்பேன். திருப்திக் கணிப்பு நமக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான். நம்மையும் குறைபட்டுக்கொள்ளும் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. டேப் அப்படிச் செய்வதில்லை. உரிமையாளரிடம் பேசினேன். "சார், எல்லாரும் எடுத்தா நானும் எடுத்துடறேன்" என்றார். அடுத்த வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார். இப்போதைக்கு நான் காரை எதிரே காலியாக இருக்கும் இடத்தில் நிறுத்தி வாடகை கொடுக்கிறேன். சாய்தளம் இன்னும் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்டிலும் நூறு மீட்டருக்கு எத்தனை முறை இறங்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு உயரம், இடைவெளியில்லாமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை அளந்து போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அளந்து சரிபார்க்கும்படி எளிமையாக இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தெருவில் எத்தனை முதியவர்கள், எத்தனை சக்கர நாற்காலிகள் என்று எண்ணுங்கள். அவர்கள் இல்லை என்றால் அதுவும் ஓர் அளவுதான், அதைப் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். போன் செய்து கேட்பதாக இருந்தால், "உங்கள் வீட்டில் வெளியே நடப்பதை நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறார்களா? எதனால்?" என்று கேளுங்கள். கல் பதித்த ஒப்பந்ததாரர் யார், எத்தனை வருடத்துக்கு அவர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதைத் தெருமுனையில் எழுதி வையுங்கள். 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூட ஆரம்பித்திருக்கின்றன. இந்தக் கணக்கை அங்கே வாய்விட்டு வாசியுங்கள். என் வீட்டுச் சாய்தளத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

அடுத்த முறை அந்தப் பெண் போன் செய்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "நம்பர் வேணாம்மா, எழுதிக்கோ, பதினஞ்சு இடம் சொல்றேன்" என்று ஆரம்பிக்க வேண்டும். அம்மா சரி என்றிருக்கிறார். ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அந்தப் பெண்ணின் குரல் களைப்பாக இருந்தால், அம்மா மறுபடியும் நாலு போட்டுக்கொள்ளத்தான் சொல்வார்.